1979 பத்மினியின் மரூன் உட்புறம்: பழைய கதவுப் பேடுகளையும் புதிய சீட் ரெக்சினையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கோவைப் பத்மினி எழுதியது:

வணக்கம். 1979ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். எஞ்சின் வேலை, டிங்கரிங், வெளிப்புறப் பெயிண்டிங் எல்லாம் முடிந்துவிட்டன. உட்புறம் மட்டுமே பாக்கி. அதிலும் நிறம் பொருத்தும் இடத்தில் வேலை நின்றுபோயிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வண்டியின் உட்புறம் முழுவதும் மரூன் நிறம். முன்பக்கத்து பெஞ்ச் சீட்டும் பின்சீட்டும் கந்தலாகியிருந்ததால், குஷன் கடையில் கிடைத்தவற்றுள் நெருங்கிய நிறத்தில் புதிய ரெக்சின் வாங்கித் தைத்துவிட்டோம். நான்கு கதவுகளின் உட்புறத்தை மூடும் ரெக்சின் போர்த்திய பலகைகளான பேடுகள் மட்டும் பழையவை. அவற்றின் ஹார்டுபோர்டு உளுத்துப்போகவில்லை; ரெக்சினிலும் கிழிசல் இல்லை. சூட்டில் அழுத்திப் பதித்த நீளவாட்டுக் கோடுகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. புதிய ரெக்சின் ஒட்டினால் இந்தக் கோடுகள் போய்விடும், அவற்றுக்குப் பதில் தையல்தான் போட முடியும் என்று குஷன் கடைக்காரர் சொன்னார். அதற்கு எனக்கு மனமில்லை. ஆகவே பேடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ரெக்சின்மேல் அடிக்கும் நிறப்பூச்சான வினைல் டை அடித்து நிறத்தை மீட்பது என்று முடிவு செய்தேன்.

சிக்கல் இதுதான். பேடின் மேல்விளிம்பு வெயில் பட்டு வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அடிப்பகுதி ஆழ்ந்த மரூனாகவே இருக்கிறது. புதிய சீட்டோ இவை இரண்டிலும் சேராத ஒரு மரூன். பெயிண்ட் மிக்சிங் கடை ஒன்றில் சீட்டின் துண்டைக் கொடுத்துக் கலந்து வாங்கினேன். கடையின் விளக்கொளியில் துண்டும் கலவையும் ஒன்றாகவே தெரிந்தன. வீட்டு முகப்புக்குக் கொண்டுவந்து பேடின் ஓர் ஓரத்தில் அடித்துப் பார்த்தபோது, அது ஊதா கலந்ததுபோலவும் சீட் பழுப்புச் சாயலாகவும் தெரிகின்றன. இரவில் வாசல் விளக்கில் பார்த்தால் வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

எதை அளவுகோலாகக் கொள்வது? வெளிறிய மேல்பகுதியையா, அடிப்பகுதியையா, புதிய சீட்டையா? கணினிக் கலவையை நம்பலாமா, அல்லது கண்ணால் பார்த்துத் திருத்துவதுதான் வழியா? பூச்சு நம் ஊர் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்குமா?

நிறக்கூடம் எழுதியது:

ஐயா, வணக்கம். பெயிண்ட் தொழிற்சாலையின் நிறக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விகளுள் முதலாவதுதான் அடிப்படையானது. அதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

வெளிறிய பகுதியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். வெயிலில் நிறம் மாறும்போது மரூன் சீராக வெளிறுவதில்லை. அதிலுள்ள கரிம வகைச் சிவப்பு நிறமிகள் புற ஊதாக் கதிரில் முதலில் அழிகின்றன. இரும்பு ஆக்சைடும் கரியும் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடுகின்றன. எஞ்சுவதுதான் நீங்கள் சொல்லும் செங்கல் நிறம். அந்த நிறத்தில் அந்த வண்டி ஒருநாளும் விற்கப்பட்டதில்லை. அடிப்பகுதியும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. கால் படும் இடமாதலால் அழுக்கும் பாலிஷும் ஏறி ஒரு படி கருத்திருக்கும்.

மூல நிறம் பேடிலேயே ஒளிந்திருக்கிறது. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றுங்கள். அதன் அடியிலுள்ள வட்டக் கிண்ணத்தை எடுத்தால், அது மூடியிருந்த அளவுக்கு ஒரு வட்டம் புதிதுபோல் இருக்கும். வெயிலும் கையும் துணியும் படாத இடம் அது. ஆர்ம் ரெஸ்ட் திருகப்பட்டிருந்த இடத்தின் அடியிலும் இப்படியொரு பட்டை கிடைக்கும். பேடையே கழற்றித் திருப்பினால் ரெக்சினை மடித்து ஹார்டுபோர்டில் பின் அடித்திருக்கும் விளிம்பு தெரியும்; பலரும் அதைத்தான் மாதிரியாக எடுப்பார்கள். அங்கே ரெக்சின் இழுத்து மடிக்கப்பட்டிருப்பதால் தோல்போன்ற மேற்பரப்பு வரிகள் தட்டையாகி நிறம் சற்று வெளிறித் தெரியும்; பசையின் மஞ்சளும் துருவும் கூடவே ஏறியிருக்கும். என் பரிந்துரை அந்த வட்டமே. சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பாருங்கள்.

கடையில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு முகப்பில் பிரிந்ததற்குக் கலப்பவரின் கவனக்குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பரப்புகள் வெவ்வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிபவை இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்பது இதுதான். ரெக்சினின் மேற்பூச்சான வினைல் பிளாஸ்டிக்கைப் பிவிசி என்பார்கள். அக்காலத்துப் பிவிசியில் ஈயக் குரோமேட், மாலிப்டேட் ஆரஞ்சு போன்ற நிறமிகள் பரவலாகப் பயன்பட்டன. இன்று அவற்றின் இடத்தில் வேறு கரிம நிறமிகள் வந்துவிட்டன. இன்றைய ரெக்சின் ஒரு கூட்டணி என்றால், மிக்சிங் கடையில் கலக்கும் நிறச்சாந்துகளான டின்டர்கள் மற்றொரு கூட்டணி. மரூனில் இது மிகவும் வெளிப்படையாகத் தெரியும். ஏனென்றால் பழுப்புப் பக்கம் சாய்ந்த சிவப்பையும் ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பையும் கருப்பு கலந்து ஆழமாக்கினால், மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மலிவான எல்.இ.டி. விளக்குகளில் ஆழ்சிவப்புக் கதிர் குறைவு என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கணினிக் கலவையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்காக நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உங்களை இலக்கின் அருகே கொண்டுபோய் விடும். மீதித் தூரம் கண்ணின் வேலை. ரெக்சினின் வரிகளுக்குள் விழும் நிழலையும் சேர்த்தே கருவி அளக்கும் என்பதால், ஒரே இடத்தில் ஒருமுறை அளந்தால் போதாது; கருவியைத் திருப்பித் திருப்பிப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நிறவேறுபாட்டைக் காட்டும் டெல்டா ஈ மதிப்பு ஏறத்தாழ 1 ஆக இருந்தால் பயிற்சி பெற்ற கண்ணுக்குத்தான் வேறுபாடு புலப்படும். ஆனால் அந்த எண் எந்த ஒளிக்கு உரியது என்பதே கேள்வி. பகலொளிக்கான டி65, பழைய குண்டு பல்புக்கான 2856 கெல்வின், கடைகளின் குழல் விளக்குக்கான டி.எல்.84 ஆகிய மூன்றுக்கும் வேறுபாட்டைத் தனித்தனியாகக் காட்ட மென்பொருளில் வசதி உண்டு. மூன்றிலும் எண் சிறியதாக இருக்கும் கலவையைத் தேர்ந்தெடுங்கள். டி65-இல் மட்டும் மிகச் சிறியதாகவும் மற்றவற்றில் பெரியதாகவும் இருக்கும் கலவை, இப்போது உங்களுக்கு நேர்ந்ததையே மறுபடியும் நேர வைக்கும்.

கையால் திருத்துகிறபோது ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் ஆழம் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதாவது இரண்டில் எது கருத்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது. அடுத்து நிறத்தின் சாய்வு: பழுப்புப் பக்கமா, ஊதாப் பக்கமா. கடைசியாகத் துலக்கம்: நிறம் பளிச்சென்று இருக்கிறதா, மங்கியிருக்கிறதா. மரூனை வெளுப்பாக்க வெள்ளையைத் தொடவே வேண்டாம்; அது இளஞ்சிவப்புப் பக்கம் போய்ப் பால் கலந்ததுபோல் ஆகிவிடும். தேவைப்பட்டால் பிரகாசமான சிவப்போ சிறிது மஞ்சள் ஆக்சைடோ சேர்த்து உயர்த்துங்கள். ஊதா மிகுந்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்துவதும் மஞ்சள் ஆக்சைடுதான். மொத்தம் மூன்று நான்கு நிறமிகளுக்குமேல் கலவையில் இருக்கக் கூடாது. ஏழெட்டு டின்டர் சேர்ந்த கலவையைத் திருத்தத் தொடங்கினால் கரை சேர முடியாது. சொட்டுக் கணக்கு வேண்டாம். 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, ஒவ்வொரு சேர்க்கையையும் எழுதி வையுங்கள்.

ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கரைப்பான் போன பிறகு நிறம் நகரும்; மினுமினுப்புக் குறைக்கும் பொருள் கலந்திருந்தால் இன்னும் கூடுதலாக நகரும். அட்டையில் தீற்றிப் பார்ப்பதும் போதாது. உங்கள் ரெக்சினைப் போன்ற வரிகள் உள்ள துண்டு ரெக்சினில், குறைந்தது ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு அடித்து, ஒருநாள் உலரவிட்டுப் பாருங்கள். சிறிய துண்டில் அடங்கித் தெரியும் சிவப்பு, கதவு முழுவதும் பரவும்போது உரக்கத் தெரியும்.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. சீட்டின் அமரும் பகுதி கிடைமட்டமாக இருக்கிறது. கூரையை நோக்கி, கண்ணாடி வழியே வரும் ஒளியை நேராக வாங்குகிறது. கதவுப் பேடு செங்குத்தாக, நிழலில் நிற்கிறது. முற்றிலும் ஒரே ரெக்சினை இரண்டிலும் போட்டாலும் பேடு ஒரு படி கருத்தே தெரியும். ஆகவே சீட்டின் மேல் மாதிரியை வைத்து ஒப்பிட்டு, 'பொருந்திவிட்டது' என்று முடிவு செய்துவிடக் கூடாது. மாதிரித் துண்டை மாஸ்கிங் டேப்பால் பேடின் மேலேயே ஒட்டுங்கள், கதவைச் சாத்துங்கள், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, காலை வெளிச்சத்திலும் உச்சிவெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். சிவப்பையே நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் சோர்ந்து பச்சைச் சாயல் மிதக்கத் தொடங்கும். நடுநடுவே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். வின்ட்ஷீல்டை மாற்றியிருந்து, புதியது பச்சைச் சாயல் உள்ளதாக இருந்தால், அதுவும் உள்ளே வரும் ஒளியை மாற்றும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என் கருத்தில், உங்கள் இலக்கு அந்த வட்டத்தின் நிறமாகவே இருக்க வேண்டும். அந்த வண்டிக்கு உரிய நிறம் அதுதான். சீட் ரெக்சின் சில ஆண்டுகளில் மறுபடியும் மாறக்கூடியது. கோடு பதித்த பேடுகள் இனிக் கிடைக்காதவை. நிரந்தரமானதைத் தற்காலிகமானதற்கு ஏற்ப மாற்றுவது முறையாகாது.

மதுரை குஷன் எழுதியது:

அண்ணா, வணக்கம். நிறக்கூடம் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். சீட்டும் கதவும் ஒரே பார்வையில் கண்ணில் படுகின்றன. பேடை மூல நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டுச் சீட்டை வேறு நிறத்தில் விட்டால், மூலநிறம் எது என்று அறிந்தவருக்கு மட்டுமே அது நிறைவு தரும். வண்டியில் ஏறும் மற்ற எல்லோருக்கும் அரைகுறை வேலையாகத்தான் தெரியும். வட்டத்தைப் பார்த்துவிட்டு ரெக்சின் வாங்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். சீட் தைத்தாகிவிட்ட நிலையில், பேடைச் சீட்டின் பக்கம் கொண்டுவருவதே நடைமுறைக்கு ஏற்றது. சீட்டின் மேல் டை அடிக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உட்கார்ந்து எழும்போது மடிந்து உராயும் இடங்களில், குறிப்பாக ஓட்டுநர் பக்கத்து விளிம்பில், பூச்சு முதலில் உரியும். உராய்வு குறைந்த கதவுப் பேடு, சன் வைசர், தூண்களின் உறை ஆகியவற்றுக்கே டை பொருத்தமானது.

எந்த நிறமாக இருந்தாலும் அடிப்பரப்புச் சுத்தமாக இல்லாவிட்டால் வேலை நிற்காது. வினைல் டை என்பது வினைல் பிசினைக் கரைப்பானில் கரைத்து நிறமி கலந்த மெல்லிய பூச்சு. அந்தக் கரைப்பான் ரெக்சினின் மேல்தோலைச் சற்றே இளக்கி, பூச்சைப் பற்ற வைக்கிறது. இடையில் பாலிஷில் உள்ள சிலிக்கோன் இருந்தால் பற்றாது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பேடுகளின்மேல் எத்தனை வகை டேஷ்போர்டு பாலிஷ் ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் பாலிஷ் இன்னும் இருக்கிறது. அதன்மேல் அடித்தால் மீன்கண் போல வட்ட வட்டமாகப் பூச்சு விலகி நிற்கும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, மிருதுவான நைலான் பிரஷால் வரிகளுக்குள்ளும் பதித்த கோடுகளுக்குள்ளும் நுரை போகத் தேய்க்க வேண்டும். ஈரம் ஹார்டுபோர்டுக்குப் போகாதபடி, பேடைச் சாய்த்து நிறுத்தி, பிழிந்த துணியால் நுரையை எடுக்க வேண்டும். கோடுகளின் பள்ளத்தில் படிந்திருக்கும் கறுப்பு மெழுகுபோல் திரண்டு வரும். அது நிற்கும்வரை விடக் கூடாது. உலர்ந்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியில் ஒன்றும் ஏறாதபோதுதான் அடுத்த வேலை. அதன்பின் பரப்பை வெறும் கையால் தொடக் கூடாது. வெளிறிய மேல்விளிம்பு மொறுமொறுப்பாகியிருந்தால் கவனியுங்கள்: ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெளியேறிவிட்டது என்று பொருள். டை நிறத்தைத்தான் தரும். போன நெகிழ்வைத் தராது.

அடிக்கும்போது சிறிய ஸ்ப்ரே கன் போதும், 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் நாசில், குறைந்த காற்றழுத்தம். முதல் கோட் பனி படிந்ததுபோல் இருந்தால் போதும். அடிநிறம் தெரியத்தான் செய்யும், பதற்றம் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளிவிட்டுக் குறுக்குவாட்டில் அடுத்த கோட். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்து ஈரமாக அடித்தால் பள்ளத்தில் குளம்போல் தேங்கிக் கோடுகளின் கூர்மை போய்விடும்; எதற்காகப் பழைய பேடைக் காப்பாற்றினீர்களோ அதுவே இல்லாமல் போகும். உங்கள் பேடில் மேலே செங்கல் நிறமும் கீழே மரூனும் இருப்பதால், மேற்பகுதிக்கு மட்டும் ஒரு மெல்லிய கோட் கூடுதலாகக் கொடுத்து இரண்டையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு முழுப் பேடையும் அடியுங்கள். நான்கு பேடுகளையும் வரிசையாக நிறுத்தி, ஒரே கலவையில், ஒரே நேரத்தில் அடியுங்கள். இன்று இரண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று பிரித்தால் வேறுபாடு வந்தே தீரும். ஐப்பசி மழைக்காற்று அடிக்கும் நாள்களில் வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பூச்சின்மேல் வெள்ளை பூக்கும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. துணி முகமூடி போதாது. கரைப்பான் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். இறுக வைக்கும் ஹார்ட்னர் சேர்க்கும் பி.யு. (பாலியூரிதேன்) வகைப் பூச்சில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கும். அதை வீட்டில் அடிக்க வேண்டாம், முறையான ஸ்ப்ரே பூத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய ரெக்சினை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். அதிலுள்ள நிறமியிலும் நிலைப்படுத்தியிலும் ஈயம் இருக்கலாம்.

யாழ் ஒஸ்ரின் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய பிரித்தானிய வாகனங்களின் உள்வேலை செய்கிறோம். இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நிறத்தைப் பொருத்துவதற்கு முன்பு, உங்கள் கையில் இருப்பது வினைல்தானா என்பதை உறுதிப்படுத்துங்கள். பத்மினியில் அது பிவிசியாகவே இருக்கும். 1950களின் பிரித்தானிய வாகனங்களில் நிலைமை வேறு. இருக்கையின் முகப்பில் தோலும், இருக்கையின் பக்கங்களிலும் கதவுகளிலும் தோல்போல் தெரியப் பூச்சுக் கொடுத்த தோற்துணியும் போட்டிருப்பார்கள். அந்தத் தோற்துணி சில வாகனங்களில் பிவிசி. அதற்கு முந்தியவற்றில், மன்செஸ்ரருக்கு அருகிலுள்ள ஹைட் நகரில் செய்யப்பட்ட அசல் றெக்சின் போன்று, பருத்தித் துணியின்மேல் நைற்றோசெலுலோசு பூசிய வகை. பிவிசிக்கான கரைப்பான் அதன்மேல் பட்டால் பூச்சு அப்படியே கரைந்து கையோடு வந்துவிடும்.

சோதிப்பது கடினமன்று. மறைவான மடிப்பில், பஞ்சில் ஒரு துளி அசற்றோன் தொட்டு வையுங்கள். நைற்றோசெலுலோசு சில கணங்களில் பிசுபிசுத்து நிறம் முழுவதும் பஞ்சில் ஏறும். பிவிசி மெதுவாக இளகுமேயன்றி அப்படிக் கரையாது. இன்னும் உறுதி வேண்டுமானால், மடிப்பிலிருந்து நகக்கண் அளவு நறுக்கி வெளியில் எடுத்துச் சென்று, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் தொட்டு, கம்பியை மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் உண்டு, அது பிவிசி. நைற்றோசெலுலோசு எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் துண்டு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அருகில் கரைப்பான் போத்தல் எதுவும் இருக்கக் கூடாது.

தோலும் வினைலும் ஒரே வாகனத்தில் ஒரே நிறத்தில் வரும்போது, தோலுக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பிணைப்பான் உள்ள பூச்சு, வினைலுக்குக் கரைப்பான் வகைப் பூச்சு என்று இரண்டு கலவைகள் தேவைப்படும். அப்போது இரண்டிலும் ஒரே நிறமிகளைக் கேட்டு வாங்குங்கள். நிறக்கூடம் ஐயா விளக்கிய ஒளிச்சிக்கல் பெருமளவு குறையும். தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியிலும் சென்னைப் பெரியமேட்டிலும் தோல் தொழில் நடப்பதால், தோலுக்கு இறுதிப் பூச்சு கொடுக்கும் நிறமிகளும் பிணைப்பான்களும் அங்கே தெரிந்த சரக்கு.

கோவைப் பத்மினி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கைப்பிடியின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். நிறக்கூடம் ஐயா சொன்னபடியே, விரற்கடை அகலத்துக்குச் சுற்றிலும் தெளிவான மரூன் வட்டம். சீட்டோடு ஒப்பிட்டால் வட்டம் சற்று பழுப்புப் பக்கமும் சீட் சற்று ஊதாப் பக்கமும் இருக்கின்றன. ஆழம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு நான் அஞ்சிய அளவுக்கு இல்லை.

இப்போது இரண்டு ஐயங்கள். ஐயா மூல நிறத்தை வலியுறுத்துகிறார். மதுரை நண்பர் சீட்டை வலியுறுத்துகிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் கலந்தால் என்ன? இரண்டாவது, சோதனைத் துண்டில் நிறம் சரியாக வந்தபின்னும் அது சீட்டைவிட ஏதோ புதிதாக, ஈரமாக இருப்பதுபோல் தெரிகிறது. அதை எப்படிச் சரிசெய்வது?

நிறக்கூடம் எழுதியது:

நடுவில் கலக்க வேண்டாம், ஐயா. நடுநிறம் வட்டத்தோடும் சேராது, சீட்டோடும் சேராது. இரண்டு இடத்திலும் பொருந்தாமை தெரியும். ஆழம் ஒன்றாகவே இருந்து சாய்வு மட்டும் வேறுபடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின், மதுரை நண்பரின் வழியையே ஏற்கிறேன். பேடுகளைச் சீட்டின் நிறத்துக்கே கொண்டுவாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை: கிண்ணத்தின் அடியிலுள்ள வட்டத்தை நான்கு பேடுகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். இந்தப் பூச்சை ரெக்சினுக்குக் கேடில்லாமல் பிறகு நீக்க முடியாது. வட்டம் பிழைத்திருந்தால், அடுத்த முறை சீட் தைக்கும்போது மூல நிறத்துக்குத் திரும்பும் வழி திறந்திருக்கும். கிண்ணத்தை மாட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

இரண்டாவது ஐயம் நிறத்தைப் பற்றியதன்று, மினுமினுப்பைப் பற்றியது. மினுமினுப்பான பரப்பு ஆழமாகவும் ஈரமாகவும் தோன்றும். அதே நிறம் மங்கிய பரப்பில் வெளுத்துத் தோன்றும். நிறம் பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கலப்பவர்கள் பலர் உண்மையில் போராடுவது மினுமினுப்போடுதான். நிறக்கலவையிலேயே மினுமினுப்பைக் குறைக்கும் மேட் பொருளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஆழ்ந்த மரூனில் அது சற்று மிகுந்தாலே சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், நிறமும் கையைவிட்டுப் போகும். நிறத்தைத் தனியாக முடித்துக்கொண்டு, அதன்மேல் நிறமற்ற மேட் பூச்சும் பளபளப்புப் பூச்சும் கலந்த ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். இரண்டையும் என்ன விகிதத்தில் கலப்பது என்பதைச் சோதனைத் துண்டுகளில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒப்பிடும்போது நேரே பார்க்காமல், சன்னலை நோக்கித் துண்டைச் சாய்த்துப் பிடித்து, ஒளி எப்படி வழுக்குகிறது என்று பாருங்கள். புதிய சீட்டின்மேல் ஆலையில் பூசிய லேக்கர் இருப்பதால் இப்போதைக்கு அது சற்று மினுங்கும்; பழகப் பழக அடங்கும். ஆகவே பேடுகளை இன்றைய சீட்டைவிட ஒரு சிறு படி மங்கலாக வைப்பது நல்லது.

மதுரை குஷன் எழுதியது:

ஐயா சொன்ன டேப்பை ஒட்டும்போது வட்டத்தைக் கிண்ணத்தின் விளிம்பைவிடச் சற்று உள்ளடங்கி வெட்டுங்கள். அப்போதுதான் கிண்ணத்துக்கு வெளியே பழைய நிறம் எட்டிப் பார்க்காது. பூச்சு முழுவதும் காய்வதற்கு முன்பே டேப்பை எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும். வெயில் பற்றி முதலில் கேட்டிருந்தீர்கள். நிறுத்திவைத்த வண்டிக்குள் டேஷ்போர்டின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர் இது. அடித்து முடித்தவுடன் பேடுகளை மாட்டி வெயிலில் நிறுத்தாமல், ஒரு வாரமாவது நிழலில் காய விடுங்கள். பிறகு சிலிக்கோன் பாலிஷ் எதையும் தொட வேண்டாம், ஈரத்துணி போதும்.

மீதிக் கலவையை டின்னில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, நிறமிகளின் கிராம் கணக்கையும் மேட் விகிதத்தையும் எழுதி அதன்மேல் ஒட்டி, சோதனைத் துண்டு ஒன்றையும் அதோடு கட்டி வையுங்கள். ஆர்ம் ரெஸ்டின் மூலையில் கீறல் விழும்போது அதுதான் கை கொடுக்கும்.